கர்த்தருடைய அரை மூட்டை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், விழுப்புரத்துக் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். தசமபாகம் கொடுக்கிறவனைக் கர்த்தர் எப்படி உயர்த்துகிறார் என்று எழுந்து நின்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்தச் சபையில் என்னைவிட்டால் அதற்கு ஆள் கிடையாது. ரயிலடிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மல்லாட்டைக் கிடங்கு, அதாவது நிலக்கடலைக் கிடங்கு, எனக்கு இருந்தது. காய் உடைக்கும் இயந்திரம் இருந்தது. எண்ணெய் கிடைக்காமல் ஊரில் உள்ள இயந்திரமெல்லாம் நின்றபோது, நான் இரண்டு ஆட்களை வைத்துக் கையாலேயே சுற்ற வைத்தேன். நான் இரண்டாம் வகுப்பில் மூன்று மாதம் படித்தவன். நான்காவது மாதமும் போயிருந்தால் எங்கே போய் நின்றிருப்பேனோ, எனக்கே தெரியாது.

கால் மணி நேரம் பேசினால் போதும் என்று ஐயர் சொல்லியிருந்தார். எங்கள் சபைக் குருவை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். நான் ஒரு மணி நேரம் பேசினேன். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. வெளியே நல்ல மழையும் பெய்துகொண்டிருந்தது. பத்தில் ஒன்று கொடுத்தேன், பத்து மடங்காக விளைந்தது என்று முடித்தேன். அதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் முதல் பாயில் என் மனைவி உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். விட்டதை இங்கே எழுதுகிறேன்.

யுத்தத்துக்குப் பல வருஷம் முன்னால், நாங்கள் திண்டிவனத்துப் பக்கம் பிரம்மதேசம் என்ற ஊரை ஒட்டி ஒரு சேரியில் இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கல்யாணமாகி இரண்டு வருஷம். மல்லாட்டை விலை அடியோடு விழுந்திருந்த காலம் அது. திண்டிவனம் மண்டியில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, விற்க மனமில்லாமல் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிலம் உள்ளவர்கள் பாடே அப்படி. எங்களிடம் நிலம் என்று ஒரு அடி கிடையாது.

எங்களுக்குக் கூலி காயாகத்தான் வரும். மார்கழி, தையில் செடியைப் பிடுங்கிப் போட்ட பிறகு, காயை ஆய்ந்து கொடுத்தால் பத்துக்கு ஒன்று. ஒன்பது கூடை நிலக்காரர் களத்துக்கு, ஒரு கூடை ஆய்ந்தவருக்கு. அந்த ஒரு கூடையிலும் பத்தில் ஒன்றை என் மனைவி கர்த்தருக்கு என்று பிரித்து வைத்துவிடுவாள். அவள் பிரிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். கர்த்தருக்குக் கொடுப்பது பழுதில்லாததாக இருக்க வேண்டும் என்று எங்கள் சேரிக் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் ஒரு பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். முறத்தில் காயைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து விரலால் அழுத்திப் பார்ப்பாள். அமுங்கினால் எங்களுக்கு. அமுங்காவிட்டால் கர்த்தருக்கு. அந்த வருஷம் நாங்கள் தின்றதெல்லாம் அமுங்கின காய்தான்.

இப்படிச் சேர்ந்தது அரை மூட்டை. எலிக்குப் பயந்து, சாக்கை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வழக்கமாகத் தை மாசம் அறுப்பின் பண்டிகையில் எல்லா வீட்டுப் பங்கும் கோயிலுக்குப் போய்விடும். அங்கேயே ஏலம் போட்டுக் காசாக்குவார்கள். அந்த வருஷம் உபதேசியார், “இப்ப வித்தா ஒண்ணும் தேறாது. வெல ஏறட்டும். அதுவரைக்கும் கர்த்தருடைய பங்கு அவங்கவங்க வீட்லயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். பணத்தட்டுப்பாடு என்று மிஷனில் அவருடைய சம்பளத்தைப் பாதியாக்கியிருந்தார்கள். மீதிப் பாதியை எங்கள் காணிக்கையில்தான் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, கர்த்தருடைய பங்கு எங்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே படுத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே தூங்குவோம்.

சித்திரை, வைகாசியில் வேலை அற்றுப் போயிற்று. விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை தூக்கினால் காசு பார்க்கலாம் என்று ஒருவன் சொன்னான். நடந்தே போனேன். ஒரே தூக்கில் இரண்டு மூட்டையை முதுகில் ஏற்றுகிறவன் நான். அதை அங்கே யாரும் கேட்கவில்லை. பித்தளை வில்லை இருக்கிறதா என்று கேட்டார்கள். வில்லை இல்லாதவன் பெட்டியைத் தொடக் கூடாதாம். பிளாட்பாரத்தில் இறங்கினவர்களை எண்ணினேன், தூக்க நின்றவர்களையும் எண்ணினேன். தூக்க நின்றவர்கள்தான் அதிகம். மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு நடந்தே திரும்பினேன். அதே ஜங்ஷனில் பிற்பாடு என் சரக்குக்கென்று வேகன் நின்றது. அது பிற்பாடு.

ஆனிக் கடைசியில் நிலக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏண்டா, மேட்டுக் கொல்லை ஓரத்துல கால் காணி சும்மா கெடக்குது. வெத நீ போட்டுக்கினா வாரத்துக்கு உட்றேன். பாதி எனக்கு, பாதி ஒனக்கு.”

“வெதைய மட்டும் ஆண்ட குடுத்தீங்கன்னா...”

“என்கிட்ட ஏதுடா வெத? எல்லாத்தையும் வித்துட்டேன். இந்த வெலைக்கு வெதச்சுட்டு நான் அழறதா? நீ அழு.”

ஏர் தருவதாகச் சொன்னார், அதற்கு ஈடாகப் பதினைந்து நாள் வேலை. என் ஆள் கட்டைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு முன்னால் நாலு பேரைக் கேட்டு, அவர்களிடம் விதை இல்லை என்று தெரிந்துகொண்டுதான் என்னிடம் வந்தார் என்பது எனக்கும் தெரியும்.

எங்கள் சேரியில் வாரத்துக்கு நிலம் பிடித்தவன் அதுவரை ஒருவனும் இல்லை. பிடித்தால் நான் கூலிக்காரன் இல்லை, பயிர் வைக்கிறவன். மழையை நம்பிய கொல்லை நிலம், கால் காணிதான், கல்லும் முள்ளும்தான், ஆனாலும் என் சால். விட்டால் அடுத்த ஆடிவரை மறுபடி கூலி. அடுத்த ஆடியில் கூப்பிடுவார் என்று என்ன நிச்சயம்? கால் காணிக்கு அரை மூட்டைக் காய் விதை வேண்டும். ஊர் முழுக்க விதை வறண்டு கிடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அரை மூட்டை, அதுவும் ஒரு பொக்குக்கூட இல்லாமல் பொறுக்கி எடுத்தது, விட்டத்தில் தொங்கியது.

“ந்தா மே, அந்தச் சாக்க எறக்கு” என்றேன்.

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, “அது ஒன்னுது இல்ல” என்றாள்.

“தின்றதுக்கா கேக்கறேன்? வெதைக்கு. தையில திருப்பிக் குடுத்துடப் போறேன்.”

“மழ ஏமாத்திச்சுன்னா?”

“ஏமாத்தாது.”

“நீ சொன்னா பெய்யுமா அது? ஏன்யா, போன மாசம் ஜங்ஷன்ல இவுரு தூக்கறதுக்கு ரயிலே நின்னுச்சாமே.”

நான் விட்டத்துச் சாக்கையே பார்த்தேன். அவளே சொன்னாள். “உபதேசியாராண்ட போய்க் கேளு. அவரு சரின்னா நானே எறக்கிக் குடுக்கறேன். அவரு வேணாம்னா அது மேலயே கெடக்கட்டும். பேஜாரு பண்ணாத.”

அது நியாயமாகத்தான் பட்டது. கேட்கத்தான் போனேன்.

உபதேசியார் வீடு கோயிலை ஒட்டிய கூரை வீடு. நான் போனபோது அவரும் நாலு பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். கூழ் என்றால் சட்டியின் அடி தெரிகிற கூழ். அவர் வேட்டியைத் துவைத்து மடித்துக் கட்டியிருந்தார். வீட்டில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேட்டி வெள்ளையாகத்தான் இருக்கும்.

“வாப்பா, உக்காரு. கூழ் குடி” என்றார்.

“இப்பத்தான் சாப்ட்டேனுங்க.” சாப்பிடவில்லை.

“வந்த சங்கதி?”

“ஒண்ணுமில்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

“மண்டிப் பக்கம் போனியா? மல்லாட்டை வெல ஏதாச்சும் ஏறுச்சா?”

“இன்னும் இல்லீங்க.”

“ஏறும்” என்றார். கடைசிப் பிள்ளை சட்டியை வழித்துக்கொண்டிருந்தது. அந்த நாலு பிள்ளைகளும் எங்கள் வீட்டு விட்டத்தில் தொங்குவதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதை மண்ணில் போடட்டுமா என்று அங்கே உட்கார்ந்து கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஜெபம் பண்ணி அனுப்பினார். எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஆடியில் விதை கடன் வாங்கினால் தையில் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்ப வேண்டும். யார் கொடுத்தாலும் அதுதான் வழக்கம். அது வழியில் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன்.

“சரின்னுட்டாரு. ஒண்ணுக்கு ஒண்ணரையா திருப்பிடணுமாம்.”

“கர்த்தருக்கே வட்டியா?”

“ஊர் வழக்கம் கர்த்தருக்கும் உண்டுன்னாரு.”

“அவரே சொன்னாரா?”

“அவரே சொன்னாரு.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உரல் மேல் ஏறிச் சாக்கை அவிழ்த்தாள். காயை உடைப்பதற்கு முன்னால் ஒரு ஜெபம் செய்தாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

விதைத்தேன். முளைத்தது என்றால் சும்மா முளைப்பு இல்லை. போட்ட பருப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு மேலே வந்துவிட்டது. சுற்றிலும் மற்ற கொல்லைகளில் சொத்தை விழுந்து இடைவெளி இடைவெளியாகத் தெரிந்தது. என் கால் காணி மட்டும் பாய் விரித்த மாதிரி. எனக்குக் கைராசி என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. விரலால் அழுத்திப் பொறுக்கியவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆவணியில் விலை கொஞ்சம் ஏறியது. உபதேசியார் வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் பங்கை வாங்க வந்தார். நான் வீட்டில் இல்லை. என் மனைவியும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டிருக்கிறார்.

“அவங்க வூட்டுப் பங்கா? அது கொல்லையில கீது, அய்யா. மொளச்சி நிக்குது. போய்ப் பாருங்க” என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் மனைவி அவர்களிடம் சொன்னது, கர்த்தருடைய விதையைப் போட்டிருக்கிறோம் என்பதுதான். அது கை மாறிப் போகும்போது கர்த்தருடைய கொல்லை ஆகிவிட்டது.

அவர் மேட்டுக் கொல்லைக்கு வந்தார். நான் அங்கே முள் வெட்டிக்கொண்டிருந்தேன். வரப்பிலேயே செருப்பைக் கழற்றினார். பயிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வெள்ளை வேட்டியோடு மண்ணில் முழங்கால் போட்டார். கண்ணில் தண்ணீர்.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேப்பா நீ” என்றார்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். முழங்காலில் நிற்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.

அடுத்த ஞாயிறு பிரசங்கமே என்னைப் பற்றித்தான். பஞ்ச காலத்தில் விதையைத் தின்னாமல், விற்காமல், ஒரு குடும்பம் கர்த்தருக்கென்று ஒரு கொல்லையையே ஒப்புக்கொடுத்திருக்கிறது என்றார். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. அதுவரை யாரும் என்னை அப்படித் திரும்பிப் பார்த்தது கிடையாது. தலை தானாக நிமிர்ந்தது. என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை; கொல்லை என்று அவர் சொன்னது போட்ட விதையைத்தான் என்று எடுத்துக்கொண்டாள். உபதேசியார் சம்மதித்தது உண்மைதான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் முழு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் களைக்கொத்தோடு வந்து என் கொல்லையில் இறங்கினார்கள். கூலி வேண்டாமாம். கர்த்தருடைய வேலையாம். ஆளுக்கு ஒரு சாலைப் பிடித்துக்கொண்டு கீர்த்தனை பாடிக்கொண்டே கொத்தினார்கள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. புரட்டாசியில் மறுபடியும் வந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கமே ஓட்டவில்லை. காய் திருடுகிறவன் ஒருவன் எங்கள் ஊரில் இருந்தான், நல்ல தொழில்காரன். அவன்கூட என் வரப்பைச் சுற்றிக்கொண்டு போனான்.

நடுவில் முப்பது நாள் மழை இல்லை. செடி வாடத் தொடங்கியது. அதுவரை நான் ஜெபம் என்று செய்ததெல்லாம் உபதேசியார் சொல்லச் சொல்லப் பின்னால் சொன்னதுதான். அந்த வாரம் தனியே கொல்லைக்குப் போய் என் வாயால் பேசினேன். “இது உம்ம வெத. எனக்காக வேணாம். நான் யோக்கியன் இல்ல. உம்ம சொத்து காயுது, அதுக்காவது பேஞ்சுடும்” என்றேன். நாலாம் நாள் மழை பிடித்தது. என் பேச்சைக் கேட்டுத்தான் பெய்தது என்று சாட்சியில் சொன்னேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன். பக்கத்துக் கொல்லைகளிலும் பெய்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மார்கழிக் கடைசியில் பிடுங்கினோம். ஆய்வதற்கும் அதே பெண்கள் வந்தார்கள், அதற்கும் கூலி கேட்கவில்லை. களத்தில் குவித்தபோது ஐந்து மூட்டைக் காய். கல்லும் முள்ளுமான கால் காணியில் ஐந்து மூட்டை. அந்தக் குவியலைச் சுற்றி நான் மூன்று முறை நடந்தேன். கணக்கு மனதுக்குள் ஓடியது. நிலக்காரருக்கு இரண்டரை. கர்த்தருக்கு அரைக்கு முக்கால். மீதி ஒன்றே முக்கால் மூட்டை என்னுடையது. அடுத்த வருஷத்துக்கு விதை, மேலே கொஞ்சம் விற்கவும் ஆகும். கூலி வேலைக்கு ஒரு கும்பிடு.

முதலில் நிலக்காரர் வந்தார், அளக்கிற ஆளோடு. களத்தில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாடா இது, பாட்டும் கூத்தும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கிழவி சொன்னாள். “சாமிக்கு உட்ட கொல்லை, ஆண்ட. எங்க சாமிக்கு.”

நிலக்காரர் இரண்டடி பின்னால் போனார். அளக்கிற ஆளின் கையைப் பிடித்து நிறுத்தினார். “இத ஏண்டா எனக்கு மொதல்லயே சொல்லல? எந்தச் சாமியா இருந்தா இன்னா? சாமி சொத்துல கைய வெச்சுட்டு என் புள்ள குட்டி வாழ வேணாமா? எனக்கு வாரமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். “கும்பிடறப்ப என் பேரையும் ஒரு வார்த்த சேத்துச் சொல்லச் சொல்லு” என்றார்.

இரண்டரை மூட்டை மிச்சமாயிற்றே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அதற்குள் உபதேசியார் இரட்டை மாட்டு வண்டியோடு வந்துவிட்டார். ஐந்து காலிச் சாக்கு கொண்டுவந்திருந்தார். நாலு வாலிபர்கள் சாக்கைப் பிரித்துக் காயை அள்ளிப் போட ஆரம்பித்தார்கள். ஒரு மூட்டை, இரண்டு மூட்டை. வாயைத் திறந்தால் ஆவணியிலிருந்து எனக்குக் கிடைத்த பேரெல்லாம் போய்விடும். திறக்காவிட்டால் காயெல்லாம் போய்விடும். நான் சும்மாவே நின்றேன். மூன்றாவது மூட்டைக்கு வாய் தைத்தார்கள். அந்த வருஷம் நான் பட்ட கஷ்டத்தில் அந்த நிற்றலுக்கு ஈடு எதுவும் இல்லை.

என் மனைவிதான் பேசினாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

“அய்யா, முக்கால் மூட்டைதானே நம்ம பேச்சு? ஒண்ணுக்கு ஒண்ணரைன்னு நீங்கதானே சொல்லி அனுப்சீங்க?”

சாக்கு தைத்துக்கொண்டிருந்தவன் கோணூசியோடு நின்றுவிட்டான்.

“யாருகிட்டம்மா சொன்னேன்?”

“இவுருகிட்டத்தான். ஆடி பொறக்கறதுக்கு முன்ன வந்து கேட்டாரே.”

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். கோபமாகத் திரும்பியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் சாதாரணமாகக் கேட்டார். “நான் இன்னாப்பா சொன்னேன்? நீயே சொல்லு.”

“நீங்க ஒண்ணும் சொல்லலீங்க. நான் கேக்கவே இல்ல. கூழ் குடிச்சுக்கினு இருந்தீங்க. கேக்க முடியல.”

அத்தனை பேர் எதிரில் தன் வாயால் தன் பொய்யைச் சொன்னவன் அந்தச் சேரியில் நான் ஒருவன்தான். வேறு வழி இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

“அப்ப இது கர்த்தரு கொல்லை இல்லியா? எங்க ரெண்டு களையும் இவனுக்குத்தான் கொத்தினோமா?”

“பாட்டு வேற பாடிக்கினு!”

“எடுடா எங்க கூலிய, ஜல்தி.”

நிலக்காரரை விரட்டிய அதே கிழவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நான் ஆண்டைய திரும்பக் கூப்புடட்டுமா? பாதி வாரம் எடுத்துக்கட்டும். ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாரு” என்றாள்.

எனக்குத் தெளிவாகத் தெரிந்துபோயிற்று. கொல்லை என்னுடையது என்றால் பாதி நிலக்காரருக்கு, மீதியில் களைக் கூலி, ஆய்ந்த கூலி, கர்த்தருடைய முக்கால். கையில் நிற்பது ஒரு சாக்குக்கும் காணாது. கர்த்தருடையது என்றால் அதுவும் இல்லை.

என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குவியலின் மறுபக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆடியிலிருந்து மார்கழிவரை அந்தக் கொல்லைக்காகத் தினம் ஜெபம் செய்தவள் அவள்.

உபதேசியார் கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினார். “கொல்லை கர்த்தருதுன்னு நான் கோயில்ல சொல்லிட்டேன். நீங்களும் அப்படி நெனச்சுத்தான் கொத்தினீங்க. இவன் பொய் சொன்னான்னு உங்க வேலை பொய்யாயிடுமா? அதனால கொல்லை கர்த்தருதுதான்.” பிறகு என்னைப் பார்த்தார். “கர்த்தர் கொல்லையில உழுதவன், வெதச்சவன், காவல் இருந்தவன் நீ. நம்ம ஊர்ல ஆய்ஞ்ச கூலி எவ்ளோ?”

“பத்துக்கு ஒண்ணுங்க.”

“எடுத்துக்கோ.”

“அப்ப உழுத கூலி?” என்று கேட்டேன். கேட்காமல் விடுகிறவன் நான் இல்லை.

“அது, பொய் சொன்ன கணக்குல சரியாப் போச்சு” என்றார் அவர். வாலிபர்கள் சிரித்தார்கள். கிழவிகூடச் சிரித்தாள்.

அரை மூட்டை அளந்து என் பக்கம் தள்ளினார்கள். நாலரை மூட்டை வண்டியில் ஏறியது. கர்த்தர் ஒன்பது பங்கை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு பங்கு கொடுத்தார். தசமபாகம் கொடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. வாங்கியவன் என்னைத் தவிர இன்னொருவனை நான் கேள்விப்பட்டதில்லை. அந்த நாலரை மூட்டையில் உபதேசியார் வீட்டில் பங்குனிவரை கூழ் கெட்டியாக இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை. கூழ் ஊற்றி வைப்பாள், சட்டி என் பக்கம் நகரும், அவ்வளவுதான். நாலாம் நாள் நானே ஆரம்பித்தேன்.

“நான் செஞ்சது தப்புதான் மே.”

“தப்புன்னு எனக்குத் தெரியாதா?”

“அதுக்காக இப்படி வாய மூடிக்கினு இருப்பியா?”

“அன்னிக்கு மூடிக்கினு இருந்திருக்கணும்” என்றாள். “யோவ், இனிமே ஊர்ல எவன்கிட்ட வேணும்னாலும் பொய் சொல்லு. என்கிட்ட மட்டும் சொல்லாத. நான் ஆறு மாசம் அந்தப் பொய்ய வெச்சுக்கினு கர்த்தராண்ட பேசிக்கினு இருந்தேன். அவரு இன்னா நெனச்சிருப்பாரு என்னப் பத்தி?”

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து, அந்த அரை மூட்டையைக் கொட்டினாள். பத்தில் ஒன்றைப் பிரித்தாள்.

“ந்தா, இது கர்த்தரே குடுத்த கூலி. இதுலயுமா?” என்றேன்.

“கூலிலதானே எப்பவும் எடுக்கறோம்?” என்றாள். அழுத்திப் பார்த்து, அமுங்காததாகவே எடுத்தாள். மறுநாள் காலையில் கையோடு எடுத்துக்கொண்டுபோய் உபதேசியார் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். விட்டத்தில் தொங்கவிடுகிற வேலை அதோடு நின்றது.

மீதிக் காயை ஆடிவரை நாங்கள் தொடவில்லை. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு காய்கூடத் தொடவில்லை. சித்திரையில் கீரையும் கேப்பையுமாக ஓட்டினோம். ஆடியில் நானே நிலக்காரரிடம் போய் நின்றேன்.

“அதே கால் காணி வேணும், ஆண்ட. வெத இருக்குது.”

“சாமிக்கா, ஒனக்கா?”

“எனக்குத்தான்.”

“நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. அப்ப பாதி வாரம்.”

“பாதி வாரம்” என்றேன்.

உழுது விதைத்தேன். பத்தில் ஒன்று குறைந்துபோன விதை கடைசிவரை எட்டவில்லை. மேற்கு ஓரத்தில் சில சால்கள் வெறும் மண்ணாகக் கிடந்தன. பயிர் ஒரு சாண் வந்த பிறகு நிலக்காரர் பார்க்க வந்தார்.

“ஏண்டா, அந்த ஓரம் ஏன் சும்மா கெடக்குது?”

“அது சாமிது, ஆண்ட” என்றேன்.

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. தையில் வாரம் அளந்தபோதும் அந்த ஓரம் சும்மா கிடந்ததற்கென்று ஒரு படியும் கூடக் கேட்கவில்லை. அந்த வருஷம் களை கொத்த ஒருவரும் பாடிக்கொண்டு வரவில்லை. நானும் என் மனைவியும்தான் கொத்தினோம். என் பயிரை ஐந்து நாளில் முடித்தோம். விதை போடாத அந்தச் சால்களில் களை மார்பளவு வளர்ந்திருந்தது. சாமிது என்று வாயால் சொல்லிவிட்டேனே, அதை மட்டும் நான் தனியாகக் கொத்தினேன். ஒரு நாள் முழுக்க ஆயிற்று.